ஊறுகாய் பாட்டில் க்ரீமும் என் முதுகும்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் உட்காரவில்லை. நடுவில் நின்றபடியே செங்கல்பட்டு.

டைரி எழுதச் சொல்லி டாக்டர் உத்தரவு. தோல் டாக்டர். சின்ன வயதுப் பெண், பேச்சில் கறார். "முகத்துல என்னென்ன படுதோ அத்தனையும் தினம் எழுதுங்க. சோப்பு, எண்ணெய், பவுடர், ஒண்ணு விடாம." டிராவல்ஸ்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி சும்மா கிடந்தது. அதில் ஆரம்பித்தாயிற்று.

இன்று முகத்தில் பட்டவை: தண்ணீர். சோப்பு. ஷேவிங் க்ரீம். படிகாரம். சகாயத்தின் முறைப்பு.

சகாயம் என் மனைவி. முறைப்புக்குக் காரணம் கீழே.

நவம்பரிலிருந்து என் முகம் என் முகமாக இல்லை. நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு, சட்டையின் மேல் பட்டன் திறந்திருக்கும் இடம், எல்லாம் சிவந்து தடித்து அரிப்பு. அரிப்பு அடங்கினால் அங்கே கருப்புத் திட்டு. சட்டை மூடிய இடத்தில் ஒன்றுமே இல்லை. டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "வெயில் படற இடத்துல மட்டும் இருக்கு. வெயில் அலர்ஜியா இருக்கலாம்" என்றார்.

மகாபலிபுரத்தில் சுற்றுலா வழிகாட்டி நான், இருபது வருஷத்துக்கு மேல். ஐந்து ரதத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக் காட்ட முடியாது.

"இல்லன்னா நீங்க பூசற க்ரீமே காரணமா இருக்கலாம். வெயிலுக்கு க்ரீம் பூசறீங்களா?"

"பூசறேங்க."

"என்ன க்ரீம்?"

அங்கேதான் மாட்டினேன். "எல்லாம்" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் சகாயம் மெதுவாகத் திரும்பினாள். நான் க்ரீம் பூசுவதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது மிச்சமிருக்கும் வெயில் க்ரீமை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெட்டியில் கசிந்துவிடும் என்ற பயம். எங்கள் ஆட்கள் அத்தனை பேரிடமும் இப்படி வந்த ட்யூப்கள் உண்டு. பெரும்பாலும் மூலையில் கிடந்து காயும். எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. ட்யூபை நடுவில் கத்தரித்து, வழித்து, ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் சேர்த்துவந்தேன். ஜெர்மனிக்கு மேல் பிரான்ஸ், அதற்கு மேல் கொரியா. ஐஸ் குச்சியால் ஒரு கலக்கு. எல்லா நாட்டுச் சத்தும் சேர்ந்தால் இரண்டு பங்கு வேலை செய்யும் என்று என் கணக்கு. கூட வேலை செய்யும் பாபு அதற்கு ஐ.நா. சபை என்று பேர் வைத்திருந்தான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கு அந்தப் பாட்டிலோட வாங்க" என்றார்.


பிப்ரவரி 3, செவ்வாய்

மறுபடி செ.பட்டு. பையில் பாட்டில். சோதனை போடும் இடத்துக்குக் கள்ளச் சரக்கு கொண்டுபோகிற மாதிரி கூச்சம்.

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "எலுமிச்சையா?"

"மாங்காய்ங்க. நல்லா கழுவிட்டுத்தான் போட்டேன்."

இன்றைக்கு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு பாடம். மறக்கும் முன் எழுதிவைக்கிறேன். வெயில் க்ரீம் இரண்டு வகை. ஒன்று வெயிலை உள்ளே வாங்கி அடக்குவது. இன்னொன்று சுண்ணாம்பு அடித்த மாதிரி தோலின் மேலேயே உட்கார்ந்து வெயிலைத் தடுப்பது, துத்தநாகம் கலந்தது. முதல் வகையில் சேரும் சில சரக்கு, லட்சம் பேர் பூசினாலும் ஒன்றும் செய்யாது. யாரோ சிலருக்கு மட்டும் ஆகாது. அதிலும் ஒரு கூத்து. "அந்தச் சரக்கும் வெயிலும் சேர்ந்தாத்தான் தோல் சண்டைக்கு வரும். தனித்தனியா ரெண்டும் சாது" என்றார். அது போக வாசனைக்குச் சேர்ப்பது, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. அவற்றுக்கும் சிலர் தோல் முறைத்துக்கொள்ளும்.

ட்யூபின் பின்னால் சின்ன டப்பா படம் போட்டு உள்ளே 12 என்று இருக்கும். நான் சைஸ் என்று நினைத்திருந்தேன். திறந்தபின் எத்தனை மாதம் பூசலாம் என்பதாம். என் பாட்டிலில் அடித்தட்டு எந்தக் காலத்ததோ.

"வெளிநாட்டுச் சரக்கு நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதுதான், அவங்கவங்க ட்யூப்ல இருக்கிற வரைக்கும்."

"அப்போ க்ரீமே வேணாமா? கத்தாழை, மஞ்சள், இந்த மாதிரி இயற்கையா எதாவது..."

"எருக்கம்பாலும் இயற்கைதான். முகத்துல தடவிப்பீங்களா?" என்றார். "க்ரீம் கண்டிப்பா வேணும். கருப்புத் தோலுக்கு வெயில் ஒண்ணும் செய்யாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உங்களுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்."

ஒரு வாரம் பாட்டில் கிடையாது, வெயிலும் கிடையாது. அடுத்த திங்கள் முதுகில் பரிசோதனை.

திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சகாயம் சொன்னாள்: "அந்த ஊறுகா பாட்டிலு காணாம்னு பக்கத்து வூட்டுக்காரிகிட்ட மூணு மாசம் பேசாத இருந்தேன்."

நியாயமான கோபம். ஆனால் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருக்கிறது. ஆம்பளை முகத்துக்கு க்ரீம் பூசுகிறான் என்று சிரிப்பாள் என்ற பயம்தான். ஐந்து நாட்டு ஆட்களிடம் கூசாமல் பேசுகிறவனுக்கு வீட்டில் இந்தக் கூச்சம்.


பிப்ரவரி 5, வியாழன்

மேகம் இல்லை. வீட்டுக்குள்ளேயே.

முகத்தில்: தண்ணீர், டா. கொடுத்த வாசனை இல்லாத ஜெல்லி. வேறு ஒன்றும் இல்லை.

சகாயத்தின் தையல் மிஷின் காலையிலிருந்து ஓடுகிறது. அணுபுரம் குவார்ட்டர்ஸ் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் இவளிடம்தான். வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் "சாருக்கு லீவா?" பதினோரு பேர் கேட்டாகிவிட்டது. ஒருவர் சந்தனம் பூசச் சொன்னார். ஒருவர் பன்னீர். எருக்கம்பால் கதையைச் சொன்னேன். டா.வின் ஜோக்கை நான் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

ஸ்டீபன் போன் செய்தான். சகாயத்தின் தம்பி. கூடுவாஞ்சேரியில் பெயிண்ட் கடை. "மச்சான், இன்னாத்துக்கு இன்னும் வெயில்ல காஞ்சிகினு? நம்ம கடைக்கி வந்து குந்து. ஏசி போடப் போறேன். கலர் அட்டய காட்டிப் பேசணும், அவ்ளோதான். பேச்சு உனுக்கு சொல்லியா குடுக்கணும்?"

நல்லவன். நல்லவனாக இருப்பதுதான் தொல்லை. மறுத்தால் திமிர் என்று ஆகிவிடும்.

அப்பா காலம் முழுக்க வெயிலில்தான் நின்றார். அடுத்தவர் நிலத்தில், குனிந்த தலை நிமிராமல். நானும் அதே வெயிலில்தான் நிற்கிறேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் முப்பது பேர் கேட்கிறார்கள். இதை விட்டு நிழலுக்கு வா என்றால் மனம் ஒப்பவில்லை. ஸ்டீபனிடம் சொன்னால் கவிதை பேசுகிறேன் என்பான்.

மத்தியானம் கீரை. உப்பு கம்மி. சொல்லவில்லை, இந்த வாரம் நிலைமை சரியில்லை.


பிப்ரவரி 7, சனி

ஸ்டீபன் விடவில்லை. காரோடு வந்துவிட்டான். தொப்பி, முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு. திருடனைக் கூட்டிப்போகிற மாதிரி கூடுவாஞ்சேரிக்கு அழைத்துப் போனான்.

கடை நன்றாகத்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே பெயிண்ட், தின்னர் வாசனை. ஒரு தம்பதி, புது வீடு, ஹாலுக்கு என்ன கலர் என்று சண்டை. சும்மா இருக்க முடியவில்லை. காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டேன். கிழக்கு என்றார்கள். மணல் கலர் அட்டையை எடுத்து, கடற்கரைக் கோயில் காலையில் ஒரு நிறம், பத்து மணிக்கு ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம் என்று ஆரம்பித்துவிட்டேன். இருவரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஹாலுக்கு மணல், வெளிச்சுவருக்கும் மணல்.

"பாத்தியா மச்சான், நீ இதுக்குன்னே பொறந்தவன்" என்றான் ஸ்டீபன்.

அதுதான் பயமாக இருக்கிறது. எனக்கு வராத வேலையாக இருந்தால் நிம்மதியாக வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

முகம் நன்றாகத் தெளிந்துவிட்டது, கடைக் கண்ணாடியில் பார்த்தேன். சந்தோஷப்படத் தெரியவில்லை. நிறுத்தியது க்ரீமையும்தான், வெயிலையும்தான். எது போனதால் இது வந்தது?


பிப்ரவரி 9, திங்கள்

லேசான காற்று. முதுகில் ஒட்டியாகிவிட்டது.

குப்புறப் படுக்கவைத்து, சட்டைப் பட்டன் அளவு சின்னச் சின்ன அலுமினியக் குப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கு. வாசனைப் பொருள், கெடாமல் இருக்கப் போடுவது, வெயிலை அடக்கும் சரக்கு ஒவ்வொன்றும் தனியாக. கடைசியில் என் பாட்டிலிலிருந்து ஒரு துளி, அதற்கும் ஓர் இடம். இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் அச்சாக அதே வரிசை.

"ரெண்டு வரிச எதுக்குங்க?" சகாயம்தான் கேட்டாள். நான் குப்புறக் கிடந்தேன்.

புதன்கிழமை எல்லாவற்றையும் உரித்துவிட்டு வலது வரிசைக்கு மட்டும் விளக்கு காட்டுவாராம், வெயிலில் இருக்கும் அதே கதிர். வெள்ளிக்கிழமை பார்ப்பார். இரண்டு வரிசையிலும் ஓர் இடம் தடித்தால் அந்தச் சரக்கே ஆகாது. விளக்கு பட்ட வரிசையில் மட்டும் தடித்தால் சரக்கும் வெயிலும் சேர்ந்த வினை.

"இங்க கீழ ஒரு இடம் காலியா விட்டிருக்கேன். எந்தச் சரக்கும் கிடையாது, வெறும் விளக்கு மட்டும் படும். அந்த இடம் தடிச்சா வெயிலேதான் ஆகலன்னு அர்த்தம். அப்புறம் நாம வேற மாதிரி யோசிக்கணும்."

வேற மாதிரி என்றால் கூடுவாஞ்சேரி. டா. சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது, குனியக் கூடாது, சொறியக் கூடாது. பைக் கூடாது. அடுத்த வாரப் புதன் சாம்பல் புதன், சர்ச்சில் நெற்றியில் சாமியார் சாம்பல் வைப்பார், ஆகுமா என்று கேட்டேன். கட்டைவிரல் அளவுதானே, தாராளமாக என்றார்.

வீட்டுக்கு வந்து சகாயம் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இடைவெளி ஒயுங்கா விட்டுகீறாங்க. கோட்டுக்கு டபுள் பட்டன் வெச்ச மாரி கீது." தொழில்காரி கண். தழையத் தழைய ஒரு சட்டை, முதுகில் உரசாத மாதிரி, ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிட்டாள். கேட்கவே இல்லை. முறைப்பு தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.


பிப்ரவரி 10, செவ்வாய்

ஃபேன் அடியில் நேராக உட்கார்ந்திருக்கிறேன். சிலைக்குக் கூட ஒரு பக்கம் சாய்ந்து நிற்க அனுமதி உண்டு.

பத்து மணிக்கு பாபு போன். "அண்ணாத்த, பேஜாராப் போச்சி. ஃப்ரெஞ்சு கும்பலு ஒண்ணு, எல்லாம் வயசானவங்க. உன் பேரச் சொல்லி வந்துகீறாங்க. போன வருசம் வந்தவங்க யாரோ சொல்லி அனுப்புனாங்களாம். நீ இல்லன்னதும் மூஞ்சி தொங்கிப்போச்சி. ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயேன். நான் கொட புடிக்கிறேன்."

எழுந்தேவிட்டேன். சகாயம் மிஷினை நிறுத்தவில்லை, தலையும் நிமிரவில்லை. "வேர்த்துச்சின்னா எல்லாம் உரிஞ்சிகினு வரும். அப்பறம் மொதல்லேர்ந்து ஒட்டணும்" என்றாள். உட்கார்ந்தேன்.

போனிலேயே சுற்றிக் காட்டும் யோசனை யாருடையது என்று இப்போது சண்டை. பாபு அவனுடையது என்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டு, பையில் தொங்கும் சின்ன ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னல் சாத்திய அறையில் இருந்துகொண்டு கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் காட்டினேன். இங்கே இடது பக்கம் திரும்புங்கள், இந்தச் சுவரை உப்புக்காற்று தின்றிருக்கிறது பாருங்கள், தொட வேண்டாம், நந்திகள் வரிசையில் முகம் தேய்ந்த ஒன்று இருக்கும், அதன் முகத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காலடி, காற்று, தூரத்தில் சிற்பப் பட்டறைகளின் டக் டக், எல்லாம் போனில் கேட்டது. ஓர் அம்மா இடையில் ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். சிரித்தார்கள்.

முடிந்ததும் இரைச்சல் மாதிரி ஒன்று.

"அண்ணாத்த, கை தட்டுறாங்க. கேக்குதா?"

கேட்டது. கண்ணைத் திறந்தால் சகாயம் மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் நான் வேலை செய்து அவள் பார்த்ததில்லை. "இவ்ளோ இங்கிலீசு பேசுவியா நீ?" என்றாள். பிறகு, "உன்ன பெயிண்ட் கடைல குந்த வெக்கறது பாவம்தான்."

டீ கேட்டேன்.


பிப்ரவரி 11, புதன்

உரித்தாயிற்று. மெழுகுத்தாள் கிழிகிற மாதிரி சத்தம். டா. பேனாவால் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் எண் போட்டார், கீழே காலி இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். இடது வரிசையைக் கறுப்புத் துணியால் மூடி, வலது வரிசைக்கு விளக்கு. நீல வெளிச்சம். கொஞ்ச நேரம்தான். சூடு என்றுகூடச் சொல்ல முடியாது.

இருபது வருஷம் வெயிலில் நின்றதற்கு முதுகில் ஐந்தாறு நிமிஷத்தில் தீர்ப்பு.

வெள்ளிக்கிழமை வரை முதுகில் துணி மூடியே இருக்க வேண்டும். யாரும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, இன்றைக்குச் சிவந்தது நாளைக்கு அடங்கும், அடங்கியது எழும் என்று டா. எச்சரிக்கை. சகாயம் பெரிதாகத் தலையாட்டினாள்.


பிப்ரவரி 12, வியாழன்

அரிக்கிறது. விடிந்ததிலிருந்து. நல்ல அரிப்பா கெட்ட அரிப்பா தெரியவில்லை. வலது பக்கம், அது நிச்சயம். ஆனால் மேலேயா கீழேயா? கீழே என்றால் வட்டம் போட்ட இடம். முதுகில் ஓர் இடத்தைச் சரியாகச் சொல்ல மனிதனுக்குத் தெரியாது என்பது இன்று கண்டது. ஒரு தரம் கீழே என்று தோன்றுகிறது, மறு தரம் நடுவில்.

குளியலறைக் கண்ணாடியில் பார்க்க முயற்சி. கழுத்து பிடித்துக்கொண்டது.

"நீயே பாத்துச் சொல்லு" என்று சகாயத்திடம் திரும்பினேன். சட்டையைத் தூக்கினாள். அவள் மூச்சு முதுகில் பட்டது.

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா? செவந்துகீதா இல்லியா? போட்டோவாவது எடுத்துக் காட்டு."

"டாக்டரு யாரும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க" என்று சட்டையை இறக்கிவிட்டுப் போய்விட்டாள். போய், கடைக்குக் கிளம்பினாள். திரும்பி வந்தால் கையில் வஞ்சிரம். வாரத்தின் நடுவில். துண்டு துண்டாக மசாலா தடவி, என் தட்டில் நடுத்துண்டு.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் ஏதோ பார்த்துவிட்டாள். தூக்குக் கைதிக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சமைத்துப் போடுவார்களே, அது. மீன் அருமை. அதுதான் கொடுமை, அழுகிற மாதிரி இருந்தும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஸ்டீபனிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை. "சரி, வரேன்." இரண்டு வார்த்தைதான். வாய் வரவில்லை.

முகத்தில் பட்டவை: தண்ணீர். ஜெல்லி. மீன் ஆவி.


பிப்ரவரி 13, வெள்ளி

டா. துணியை எடுத்தார். விரலால் தடவிப் பார்த்தார். எண்ணைச் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினார். நான் சுவரில் மாட்டியிருந்த தோல் படத்தை மேலிருந்து கீழாகப் படித்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

வாசனைப் பொருள்: இரண்டு வரிசையிலும் லேசாகச் சிவப்பு. வெயிலை அடக்கும் சரக்கு ஒன்று: இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வலது பக்கம் நன்றாகத் தடித்திருக்கிறது. என் பாட்டில்: வலது பக்கம் பணியாரம் மாதிரி உப்பி நிற்கிறதாம்.

"கீழ வட்டம்?" என்றேன்.

"வட்டமா? சுத்தமா இருக்கு. சும்மா தோல்தான்."

"அப்படின்னா?"

"வெயில் உங்களை ஒண்ணும் பண்ணல. அந்த ஒரு சரக்கு வேணாம், வாசனை போட்டது வேணாம். தொப்பி போட்டுக்கிட்டு, ஆகற க்ரீமைப் பூசிக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க."

எழுந்து சட்டை போட்டேன். பட்டன் மாற்றி மாற்றிப் போட்டிருந்ததை வெளியே வந்துதான் சகாயம் சரிசெய்தாள். அப்போதுதான் கேட்டேன். "நேத்தே தெரியுமா உனக்கு?"

"வட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு தெரியும். டாக்டரு மாத்திச் சொல்லிட்டா இன்னா பண்றதுன்னுதான் வாயத் தொறக்கல."

"அப்போ அந்த மீனு?"

"சந்தோசத்துக்கு வாங்கனது. நீ ஏன் எழவு வூட்ல குந்தின மாரி தின்ன?"

பஸ் ஸ்டாண்ட் நடுவில் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீரும்தான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. முகத்தில் பட்டதுதான், அதையும் எழுதிவிட்டேன்.


பிப்ரவரி 14, சனி

ஸ்டீபனுக்குப் போன். அவனுக்கு வருத்தம், சந்தோஷம், இரண்டும். "பரவால்ல மச்சான். ஆனா மழக்காலத்துல உனுக்கு கும்பலு இருக்காது இல்ல? அப்போ வந்து ரெண்டு மாசம் கலர் அட்ட காட்டிட்டுப் போ." இது நன்றாக இருக்கிறது. சரி என்றேன். நேற்று முன்தினம் வராத வார்த்தை இன்று சுலபமாக வந்தது.

டா. சீட்டில் எழுதிக் கொடுத்தது: ஆகாத சரக்கின் பெயர். பென்ஸோஃபீனோன்-3. ஆக்ஸிபென்ஸோன் என்றும் போடுவார்களாம். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். எந்த நாட்டு ட்யூபானாலும் பின்பக்கத்துப் பட்டியலில் இது ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், தேடிப் பார்க்கலாம். சீட்டு இப்போது பர்ஸில், சிறகு விரித்த சம்மனசு படத்துக்குப் பக்கத்தில்.

புது க்ரீம்: துத்தநாகம், வாசனை இல்லாதது, காவி நிறம் கலந்தது. எடுத்ததும் முகத்தில் கூடாது. முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் தடவி நாலு நாள் பார்க்க வேண்டும். மடிப்பு சும்மா இருந்தால் முகத்துக்கு.

ஊறுகாய் பாட்டில் காலி. வழித்துப் போட்டுவிட்டு, கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்து, அதில் பட்டன்கள் போட்டு வைத்திருக்கிறாள் சகாயம். ஊறுகாய்க்கு இனி அந்தப் பாட்டில் ஆகாதாம். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு கிண்ணம் மீன் குழம்போடு சமாதானம்.


பிப்ரவரி 17, செவ்வாய்

முழங்கை மடிப்பு: ஒன்றும் இல்லை. நேற்றும் இல்லை. அதற்கு முன்னும் இல்லை.

பாபு சாயங்காலம் வந்தான். சிரிக்காமல் உட்கார்ந்தான், பையிலிருந்து அவனுடைய ட்யூப்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தான். "இத்தக் கொஞ்சம் படிச்சிச் சொல்லு அண்ணாத்த. மூக்குல எனுக்கும் லேசா அரிக்குது." நான் ஐ.நா. சபை என்று ஆரம்பித்தேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். இரண்டில் அந்தப் பேர் இருந்தது. ஒன்றில் மாதம் தாண்டிவிட்டது. ஆனால் அவனுக்கும் அதே சரக்குதான் ஆகாது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு ஆகாதது அவனுக்கு ஆகலாம். டா. முகவரி கொடுத்தேன். முதுகைக் காட்டிப் படுக்க வெட்கப்படுகிறான்.


பிப்ரவரி 18, புதன்

வெயில். சுத்தமான, நல்ல வெயில்.

காலைப் பூசையில் சாம்பல். சகாயத்தின் நெற்றியில் நேராக, என் நெற்றியில் கொஞ்சம் கோணலாக. பிறகு கன்னம், மூக்கு, கழுத்தெல்லாம் காவி க்ரீம். அவள்தான் பூசிவிட்டாள், ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற கவனத்தோடு, காது மடலை விடாமல்.

பாபு என்னைப் பார்த்ததும், "மேல சாம்பலு, கீழ செம்மண்ணு. சாமி கணக்கா கீற அண்ணாத்த." அவன் மூக்கிலும் வெள்ளையாக ஏதோ.

ஃபின்லாந்து ஆட்கள். அர்ச்சுனன் தபசு, பிறகு ஐந்து ரதம், பிறகு கடல். பத்தரை மணிக்குக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். பதினொன்றரைக்கு மறுபடி. கன்னம் கன்னமாகவே இருந்தது. அரிப்பு எங்கே எங்கே என்று தேடியதில் வழக்கமாகச் சொல்லும் ஒரு கதையை விட்டுவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

வண்டியில் ஏறும்போது ஓர் அம்மா பையைத் துழாவினார். முக்கால் ட்யூப். நாளைக்கு ஊருக்குப் போகிறோம், உங்களுக்கு உதவும் என்று நீட்டினார். இத்தனை வருஷமாக எத்தனை பேர் இப்படி நீட்டியிருக்கிறார்கள், ஒருத்தரிடமும் வேண்டாம் என்றதில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ட்யூபைத் திருப்பி, எழுத்துக் கூட்டி, முழுசும் படித்தேன். அவர்கள் டிரைவர் ஹார்ன் அடித்தான். நடுவில் ஓரிடத்தில் டா. சீட்டில் எழுதிய அந்தப் பெயர் இருந்தது, 3 என்ற எண் உள்பட.

இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன். "ரொம்ப நன்றி அம்மா. இது உங்களுக்கு நல்லது. எனக்கு ஆகாது" என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏறினார்.

அடுத்த வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் கண் கூசி நெற்றியில் கை வைத்தார்கள். எல்லாரும் அந்த மர நிழலில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நான் வெயிலில் போய் நின்றேன்.